செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கொல்லைக்கு வந்த கூகைகள்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் நம் தெருக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வாய்க்கால் தூர்வாரும் பணி ஆனி மாதம் முடிந்தது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்கக் கூகைப் பெட்டிகளைப் பற்றியது, அதாவது வெள்ளை முக ஆந்தையான கூகை குடியிருக்க நாம் கட்டி வைத்த மரப் பெட்டிகள். இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்ததும் அதற்குத்தான், அதிகம் வருந்தியதும் அதற்குத்தான்.

போன ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் எழுப்பிய குறை எலி. தென்னையில் ஏறிக் குரும்பையைக் கடித்துத் தள்ளுகிறது, சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலியும் கொல்லைக்கு வந்துவிடுகிறது என்றீர்கள். அப்போது மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பிய நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, அங்கே எலிக்காகவே கூகைக்குப் பெட்டி கட்டி வைப்பார்கள் என்று சொன்னார். யோசித்துப் பார்த்தால் இங்கேயும் கூகை இருந்ததுதான். மண்டை போன தென்னையிலும் பழைய மரப் பொந்திலும் அது குடியிருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வந்த கஜா புயல் அந்த மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. நமக்கு அரசு தார்ப்பாயாவது கொடுத்தது. பொந்து இழந்த பறவைக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கூகை தானாகக் கூடு கட்டாது. பொந்தோ, பரணோ, பாழடைந்த மண்டபமோ ஏதாவது ஒரு இருட்டு மூலை வேண்டும். அதைத்தான் பெட்டியாகச் செய்து கொடுக்க முடிவெடுத்தோம்.

ஆடி மாதம் ஆறு பெட்டிகள் கட்டினோம். நம் ஆசாரி கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்து வைப்பவர்களுக்கு உதவும். அடிப்பலகை இரண்டடிக்கு ஒன்றரை அடி. வாசல் ஆறங்குலச் சதுரம். அந்த வாசலின் கீழ் விளிம்பு அடிப்பலகையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். இது முக்கியம். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் பறக்கத் தெரியாத குஞ்சு எட்டிப் பார்த்துக் கீழே விழாது. மேலே சரிவான பலகைக் கூரை, அடியில் நீர் வடிய நான்கு சிறு துளைகள். தகரக் கூரை போடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். சித்திரை வெயிலில் உள்ளே குஞ்சு வெந்துபோகும் என்று ஆசாரி மறுத்தார். அவர் சொன்னதே சரி. பதினைந்தடி உயரத்தில், நிழலில், ஆள் நடமாட்டமும் விளக்கும் இல்லாத பக்கமாகப் பார்த்துக் கட்டினோம்.

ஒரு தவறு செய்தோம். ஆறு பெட்டிக்கும் வாசலைக் கிழக்கே வைத்தோம். ஐப்பசியில் வாடை மழை பிடித்ததும் சாரல் நேராக உள்ளே அடித்து, இரண்டு பெட்டியில் அடிப்பலகை ஊறிப்போனது. மறுபடி ஏணி போட்டு எல்லாவற்றையும் தெற்கே திருப்பினோம். இந்தக் கரையோரத்தில் பெட்டி வைப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முதுகு காட்டித்தான் வைக்க வேண்டும்.

முதல் எதிர்ப்பு மேலத்தெருப் பெரியம்மாவிடமிருந்து வந்தது. “ஏந் தம்பி, ஊர்ல எல்லாரும் சாக்குருவிய வெரட்டுவாங்க, நீங்க வீடு கட்டிக் குடுக்குறீங்களா?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. கூகை கத்தினால் சாவு விழும் என்ற பயம் ஒரு நாளில் வந்ததல்ல, ஒரு பேச்சில் போவதுமல்ல. ஆனால் அதே பழைய காலத்தில், ராத்திரி குழறி எங்களை எழுப்பிவிடாதே, உனக்கு நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம் என்று ஊர் வாசல் மரத்துக் கூகையிடம் தோழி கெஞ்சும் சங்க இலக்கியப் பாட்டும் உண்டு. அந்தத் தோழிக்குக் கூகை என்ன தின்னும் என்று தெரிந்திருக்கிறது. நாம் அதை மறந்துவிட்டோம்.

ஆறு பெட்டியில் ஒன்றில் மைனா புகுந்தது, ஒன்றில் அணில். ஒன்றைப் புள்ளி ஆந்தை ஜோடி எடுத்துக்கொண்டது. அதுவும் நல்லதே. ஒன்று காலியாகவே கிடந்தது. வாய்க்காலோரப் பெட்டியிலும் பெரியம்மா வீட்டுக் கொல்லையை ஒட்டிய பெட்டியிலும் கூகை வந்தது.

பெரியம்மா வீட்டுப் பக்கத்துப் பெட்டியில் கார்த்திகைக் கடைசியில் பெட்டை வெளியே வருவது நின்றது. சேவல் மட்டும் இருட்டியதும் எலியோடு வந்து போனது. அடைகாக்கிறது என்று புரிந்துகொண்டு, அந்தப் பக்கம் ஏணியே கொண்டு போகக் கூடாது என்று முடிவு செய்தோம். ஏறக்குறைய ஒரு மாதம் அடை. பொங்கலுக்கு முந்தின வாரம் பெட்டிக்குள்ளிருந்து சீறல் கேட்டது. பாம்பு புகுந்துவிட்டது என்று கம்போடு ஓடி வந்தவர்கள் உண்டு. குஞ்சுகள் பசிக்குக் கேட்கும் சத்தமே அதுதான். உறங்குகிறவர் குறட்டை விடுவதுபோல் விடிய விடிய கேட்கும். முட்டையை இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு இடுவதால் குஞ்சுகளும் பெரிதும் சிறிதுமாக இருந்தன. மாசியில் வாசலில் வந்து நின்றபோது மூத்தது தாயைப் போல வெள்ளை முகம் திரண்டிருந்தது, கடைசியது பஞ்சு உருண்டையாக அதன் முதுகில் மோதிக்கொண்டிருந்தது. நான் எண்ணியது நான்கு. மாசி முடிவில் நான்கும் பறந்தன.

பெட்டியின் கீழே விழுந்து கிடந்த கக்கல் உருண்டைகளைப் பிள்ளைகள் பொறுக்கி வந்தார்கள். கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கட்டைவிரல் பருமனில் உருட்டிக் கக்கிவிடும். செய்தித்தாள் விரித்து, வெந்நீரில் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் ஒன்றைப் பிரித்தோம். மூன்று மண்டையோடுகள் இருந்தன. இரண்டு எலி, மஞ்சள் முன்பற்கள் அப்படியே இருந்தன. மூன்றாவது கூர்மூக்கோடு இருந்தது, மூஞ்சூறு. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவர்கள் கொல்லை விளக்கு இரவில் எரிவதில்லை.

இனி வாய்க்காலோரப் பெட்டி. அங்கேயும் தையில் குஞ்சுச் சத்தம் கேட்டது. தை கடைசி வாரம் ஒரு காலை, சேவல் கூகை வரப்பில் இறக்கை விரித்துக் கிடந்தது. காயம் இல்லை. அலகோரம் ரத்தம் உறைந்திருந்தது. கையில் எடுத்தபோது எடையே இல்லை. அதற்கு முந்தைய வாரம் அறுவடை முடிந்த வயல்களில் எலிமருந்துக் கட்டி வைத்திருந்தார்கள். பறவையைப் பரிசோதனைக்கு அனுப்ப நமக்கு வசதி இல்லை, அதனால் மருந்துதான் காரணம் என்று சான்று காட்ட என்னால் முடியாது. ஆனால் அது எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். புரோமடியோலோன் என்ற எலிமருந்துக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையும் தன்மை கெட்டு, சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். அப்படி நாலைந்து பிடித்தால் விஷம் அதன் உடம்பிலும் சேரும். பெட்டையால் தனியாக இரை தேடிக் கட்டுப்படியாகவில்லை. பத்து நாளில் அந்தப் பெட்டியில் சத்தம் அடங்கியது. ஒரு குஞ்சும் வெளியே வரவில்லை.

யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் வேண்டாம். பூச்சிமருந்துக் கடையில் எல்லோருக்கும் விற்கிற பொருள்தான். ஆனால் ஒரு கையால் பெட்டி கட்டி, மறு கையால் எலிமருந்து வைத்தால், நாம் கூகையை அழைத்து வந்து கொன்றதாகத்தான் ஆகும். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆகவே செயற்குழு இந்தத் தீர்மானங்களை முன்வைக்கிறது. பெட்டி இருக்கும் தெருவிலும் அதை ஒட்டிய வயலிலும் எலிமருந்து வைப்பதில்லை. பதிலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் எலிப்பொறி வைப்போம். கிட்டி கட்டத் தெரிந்த பெரியவர் இருவர் சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறார்கள். தென்னைக்குத் தரையிலிருந்து ஆறடிக்கு மேல் வழவழப்பான தகரப் பட்டை சுற்றுவோம். காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் அவ்வப்போது கழித்து எலிக்கு ஒளிய இடம் இல்லாமல் செய்வோம். வயலில் ‘டி’ எழுத்து வடிவில் குச்சி நட்டால் கூகை உட்கார்ந்து பார்த்து வேட்டையாடும். நெல் பூக்கும் பருவத்தில் குச்சியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பகலில் கதிர் தின்கிற குருவி வந்து உட்காரும். அப்புறம், திறந்த தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அதில் ஒரு பலகையை மிதக்க விடுங்கள். குளிக்க இறங்கும் கூகை ஏற முடியாமல் மூழ்கிவிடும்.

குரும்பைச் சேதம் குறைந்ததா என்று கேட்பீர்கள். பெரியம்மா வீட்டுப் பக்கத்துத் தோப்பில் குறைந்திருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரே ஆண்டை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டு முதல் மரவாரியாக விழுந்த குரும்பையை எழுதி வைக்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூகை வந்த செய்தி பரவியதும், குஞ்சு கிடைக்குமா என்று வெளியூர் ஆள் ஒருவர் விசாரித்துப் போயிருக்கிறார். மாந்திரீகம் என்று சொல்லி ஆந்தையை விலைக்குக் கேட்பவர்கள் தீபாவளி நேரத்தில் இன்னும் வருவார்கள். பிடிப்பதும் விற்பதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி யாராவது வந்தால் உடனே என்னிடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள். படம் எடுத்தாலும் இடத்தைக் குறிப்பிட்டு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பறவை இல்லாத பெட்டிகளை ஆடி மாதம் இறக்கிச் சுத்தம் செய்வோம். வாய்க்காலோரப் பெட்டியை அதே இடத்தில் விட்டுவைக்கிறோம். அந்தப் பெட்டை இன்னும் அங்கே வந்து உட்காருகிறது, நேற்று இரவு ஏழே கால் மணிக்கும் பார்த்தேன். புதிதாகப் பெட்டி கேட்டு ஐந்து வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயர் பெரியம்மாவுடையது.

இப்படிக்கு,
செயலாளர்