பழைய டிடி-க்குப் புதிய ஆயில் சம்ப்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. என் ஆடி டிடி காரின் உடைந்த ஆயில் சம்பை, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் அலுமினியத் தொட்டியை, உன் பட்டறைக்கு அனுப்பினால் ஆர்கான் வெல்டிங் வைத்துத் தந்துவிடுவதாக எழுதியிருந்தாய். அந்த அக்கறைக்கு மிக்க நன்றி. ஆனாலும் யோசித்துப் பார்த்துப் புதிய சம்பே போட்டுவிட்டேன். அதற்கான காரணங்களை அலுமினிய வார்ப்பில் பழம் தின்று கொட்டை போட்ட உன்னிடம் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும்.

அடி விழுந்தது பக்கத்துத் தெருவில் புதிதாக எழுப்பிய வேகத்தடையில். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதலின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அங்கே இருந்ததோ அதில் கால்வாசி அகலம்கூட இல்லாத, வெள்ளைக் கோடும் போடாத செங்குத்து மேடு. முதல் தலைமுறை ஆடி டிடி எவ்வளவு தாழ்வான வண்டி என்பது உனக்குத் தெரியும். சத்தம் கேட்டதுமே எஞ்சினை அணைத்துவிட்டு ரெக்கவரி வண்டியை வரவழைத்தேன். சிவப்பு ஆயில் விளக்கு எரியும்வரை ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்கு அறிவிப்பது அழுத்தம் விழுந்துவிட்டதை, அதற்குள் பேரிங்குகளும் டர்போவின் தண்டும் ஆயில் இல்லாமல் சுழலத் தொடங்கியிருக்கும்.

சிவாஜிநகர் பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, ஆயிலை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்கின் துளை விளிம்பில் தொடங்கிய விரிசல் பக்கச் சுவரில் நான்கு விரற்கடை நீளத்துக்கு ஓடியிருந்தது. 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சூடான ஆயிலில் ஊறிய வார்ப்பு அது. அதன் நுண்துளைகளில் தங்கிய ஆயில் வெல்டிங் சூட்டில் கொதித்து வெளியேறும்போது, எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஊசித்துளைகள் விழும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே நீதான். சூட்டில் மேல் விளிம்பு சற்றே வளைந்தாலும் போயிற்று, ஏனென்றால் இந்த எஞ்சினில் சம்புக்குக் கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் கிடையாது, சிலிக்கோன் பசை மட்டுமே. தவிர, இந்தச் சம்ப் கியர்பாக்ஸோடும் போல்ட்டால் பிணைக்கப்பட்டு இரண்டையும் விறைப்பாகப் பிடித்து நிற்கிறது. வெறும் ஆயில் தொட்டியாக அதைக் கருத முடியாது. பழையதைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், விரிசல் முகத்தில் முன்பே காற்றுக்குமிழ் இருந்ததா என்று பார்.

இரும்புத் தகட்டில் செய்த சம்பைப் போட்டால் இனி உடையவே உடையாது என்று மேஸ்திரி சொன்னார். நல்ல மனிதர், கைத்தொழிலில் கெட்டிக்காரர், ஆனால் இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. தகடு உடையாமல் உள்நோக்கி நசுங்கும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயை அது அடைத்துவிட்டால், கீழே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாததால் ஓட்டுகிறவர் நிம்மதியாகப் போய்க்கொண்டே இருப்பார். அலுமினியம் உடைந்தால் ஆயில் கொட்டும், அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிடலாம்.

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் விசாரித்தேன். இதே 1.8 டர்போ எஞ்சின் குடும்பம் இங்கே விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸிலும் இருந்ததால் கடைக்காரர்களுக்கு அது பழக்கமானதுதான். என்றாலும் எஞ்சின் பெயரை மட்டும் சொல்லாமல் பாக எண்ணைக் கொடுத்து, ஆயில் மட்ட சென்சாருக்கும் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய்க்கும் உரிய துளைகள் இருக்கின்றனவா என்று கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

கழற்றுவதில் ஃப்ளைவீல் பக்கத்துப் போல்ட்டுகள்தான் படுத்தின, நீண்ட எக்ஸ்டென்ஷன் இல்லாமல் அவற்றைத் தொடவே முடியாது. சம்ப் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது உறிஞ்சு குழாயின் வலையை. காபித்தூள் போன்ற கருகிய ஆயில் துகள்கள் அதில் பாதிக்குமேல் அப்பியிருந்தன. விரலால் தேய்த்தால் மணலாக நெருடியது. வேகத்தடை இடிக்காமல் இருந்திருந்தாலும் இது ஒருநாள் எஞ்சினைக் கொன்றிருக்கும். குழாயையும் புதிதாகவே போட்டேன்.

பழைய பசையை விளிம்பில் கீறல் விழாமல் சுரண்டி எடுப்பதில்தான் அதிக நேரம் போனது. புதிய பசையை 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில், போல்ட் துளைகளுக்கு உட்புறமாக இழுக்க வேண்டும். தாராளமாகப் பூசினால் உபரி உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, அதே வலையைப் போய் அடைக்கும். பூசிய 5 நிமிடங்களுக்குள் சம்பை ஏற்றிவிட வேண்டும். முறுக்கும் விசை சம்ப் போல்ட்டுகளுக்கு 15 நியூட்டன் மீட்டர், கியர்பாக்ஸ் போல்ட்டுகளுக்கு 45. மேஸ்திரி கைக்கணக்கிலேயே முறுக்கிவிடுவார் என்றாலும், நான் கேட்டுக்கொண்டதற்காக அந்த விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் எடுத்துக் குறுக்கும் மறுக்குமாகப் பொறுமையாக முடித்தார். அரை மணி நேரம் காய்ந்தால் போதும் என்கிறது கையேடு. நான் இரவு முழுக்க விட்டுவைத்தேன்.

மறுநாள் ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரத்து ஆயிலை ஊற்றி, எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் விட்டு விட்டுச் சுழற்றிய பின்பே எஞ்சினை உயிர்ப்பித்தோம். கசிவு இல்லை. பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்ததில் உலோக மினுக்கமும் இல்லை, ஆகவே பேரிங்குகள் தப்பித்திருக்க வேண்டும். ஆனாலும் இந்த ஆயிலை வழக்கமான தூரம் ஓடவிடாமல் சீக்கிரமே இறக்கி, இந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்