படைபலத்துக்குப் பின்னால் இருக்கும் கடன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வல்லரசுகள் குறித்த விவாதங்களில் படைபலமே பெரிதாகப் பேசப்படுவது எனக்குக் கவலை அளிக்கிறது. 1956 நவம்பரில் எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் பகுதியில் படையிறக்கிய பிரிட்டன் போர்க்களத்தில் தோற்கவில்லை. பவுண்டு நெருக்கடிக்குள்ளாகி அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த வேளையில், படைகளை விலக்கிக்கொள்ளும்வரை பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடனுக்கு ஆதரவளிக்க முடியாது என்று நெருங்கிய நட்பு நாடான அமெரிக்காவே கைவிரித்ததால்தான் அது பணிந்தது. 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். ஆயிரக்கணக்கான அணு ஆயுதங்களை வைத்திருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியதற்கும் உள்ளுக்குள் நலிந்த பொருளாதாரம் முக்கியக் காரணம். ராணுவ அணிவகுப்புப் படங்களுக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியையாவது நாடுகளின் கடன் நிலையை அலசும் கட்டுரைகளுக்குத் தாங்கள் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்