எல்.டி.எல். 102 என்றால் நிம்மதியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுநீரக நோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை உப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் விரிவாக அலசியிருந்தது. ரத்தக் கொழுப்புக்கு மட்டும் ஒரே வரி: 'கொலஸ்டிராலைக் கட்டுக்குள் வைக்கவும்'. எந்தக் கொலஸ்டிராலை என்பதில்தானே சிக்கல்!

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏறுவது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. அதை உடைக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி மந்தமாகிவிடுவதால் கொழுப்பு ரத்தத்திலேயே தேங்குகிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்குகிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். மட்டும் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். உதாரணமாக ஒரு ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்டிரால் 190, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 280. பல லேப்களில் எல்.டி.எல்.லைத் தனியாக அளப்பதில்லை, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் (இங்கே 56) கழித்து எழுதிவிடுகிறார்கள். விடை 102. 'பரவாயில்லையே' என்று கவரை மூடிவிடுவார்கள். எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 158. ரத்தக் குழாயில் படியக்கூடிய கொழுப்பெல்லாம் இந்த 158-க்குள் அடக்கம். இதற்குத் தனி டெஸ்ட்டும் வேண்டாம், கூடுதல் காசும் வேண்டாம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்த 102 போன்ற கணக்கு செல்லாது, எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ரோடிக் நிலையின் கதை வேறு. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறையும்போது கல்லீரல் கொழுப்புப் புரதங்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது. மொத்தக் கொலஸ்டிரால் 300, 400 என்று எகிறும். நெய்யையும் முட்டையையும் மட்டும் பழித்துப் பயனில்லை, புரதக் கசிவு குறைய வேண்டும்.

கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் இறங்கவில்லையே என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது இறங்காது. அந்த மாத்திரை இதயத்துக்கும் மூளைக்கும் போகும் ரத்தக் குழாய்களைக் காக்கத்தான். 2011-ல் வெளியான ஷார்ப் ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் இருந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 20 மி.கி., குடல் கொலஸ்டிராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்துக் கொடுத்ததில் மாரடைப்பு, அடைப்பால் வரும் பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன. சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை. டயாலிசிஸ் தொடங்கியபின் ஸ்டாட்டினைப் புதிதாக ஆரம்பிப்பதில் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2013 வழிகாட்டுதல், அப்போது புதிதாகத் தொடங்க வேண்டாம், முன்பே சாப்பிட்டு வருபவர்கள் தொடரலாம் என்கிறது.

அளவிலும் கவனம் தேவை. கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனவர்கள் ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 5 மி.கி.யில் தொடங்க வேண்டும், 10-ஐத் தாண்டக் கூடாது. அட்டார்வாஸ்டாட்டினுக்கு இந்தக் குறைப்பு வேண்டாம். டிரைகிளிசரைடுக்கான ஃபெனோஃபைப்ரேட் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கு ஆகவே ஆகாது. பழைய சீட்டை நீட்டி மருந்துக் கடையில் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்டாட்டின் சாப்பிடும்போது தொடை, தோள் தசைகளில் காரணமில்லாமல் கடும் வலி வந்து, சிறுநீரும் கடுங்காப்பி நிறத்தில் போனால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

- சிறுநீரகப் பிரிவு மருந்தாளுநர், திருச்சி