புல்லட்டை இன்னும் விற்கவில்லை

சத்துவாச்சாரி, வேலூர்
மார்கழிக் கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரையும் தூக்கிப் போட்டுவிட்டாய் என்று எழுதியிருந்ததை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். "பாருங்க, அண்ணன் சொன்ன பேச்சு கேட்டு வீட்ல உக்காந்து தேறிட்டாரு. நீங்கதான் அடங்க மாட்டேங்கறீங்க" என்றாள் உன் தங்கச்சி. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின ஞாயிறுதான் நான் தனியாக ஜவ்வாது மலைக்குப் போய், முழங்கையில் கட்டோடு திரும்பி வந்திருந்தேன். நம் புல்லட்டில்தான்.

வண்டி இருக்கிறதா, விற்றுத் தொலைத்தாயா என்று கேட்டிருந்தாயே. இருக்கிறது. 1986-ல் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியபோது முன் சக்கரம் என்னது, பின் சக்கரம் உன்னது என்று டீக்கடையில் பாகம் பிரித்தோம். என் பாகம் மட்டும் விற்க முடியுமா?

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினேன். பனியில் வண்டி லேசில் கண் திறக்கவில்லை. ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, என்ஜினில் அடைபட்ட அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு விரற்கடை தாண்டவிட்டு, அப்புறம் ஓங்கி ஒரு மிதி. மூன்றாவது மிதியில் எடுத்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போளூர். வழியெல்லாம் காது விறைத்துப் போயிற்று. நம் வேலூரிலா இப்படிக் குளிர் என்று மே மாதத்தில் யாரிடமும் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள்.

அத்திமூர் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. இந்த முறை மழை நன்றாகப் பெய்திருப்பதால் பாறை இடுக்கிலெல்லாம் இன்னும் நீர் கசிகிறது. ரெண்டாவது கியரில் டப் டப் என்று ஏறும்போது சத்தம் பாறையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டாய் என்றால் இன்னொரு வண்டி பின்னால் வருகிறது என்றே நினைப்பாய். நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மேலே போனதும் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. ஜமுனாமரத்தூர் கடைவீதியில் டீ குடித்துவிட்டு, சாமை அரிசி நாலு கிலோவும் ஒரு பாட்டில் தேனும் வாங்கினேன். தேன் அசல்தானா என்று தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொல்லாதே. வீட்டில் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது.

அங்கிருந்து காவலூர். மரங்களுக்கு மேலே வானாய்வகத்தின் அந்த வெள்ளைக் கோபுரம் தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். ராஜீவ் காந்தி வந்து 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைத்ததும் நாம் வண்டி வாங்கியதும் ஒரே வருஷம். பிசிக்ஸ்காரனான நீ என்னைப் பின்னால் உட்காரவைத்து, காது வலிக்கப் பாடம் நடத்திக்கொண்டே வந்தாயே: 1977-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும் நேரத்துக்காக இங்கே காத்திருந்தார்கள், கோள் வந்து மறைக்கும் முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கியது, யுரேனஸுக்கு வளையம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது என்று. இந்த ஆய்வகத்தை அமைத்த வானியலாளர் வைணு பாப்பு, தொலைநோக்கி திறந்ததைப் பார்க்காமலே 1982-ல் போய்விட்டார் என்று சொல்லும்போது உன் குரல் கம்மியது. எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. பசி வேறு.

இனி கட்டுப் போட்ட கதை. ஆறு மாதமாகப் பையனுடைய புது வண்டியைத்தான் ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் இடக்காலில் கியர், வலக்காலில் பிரேக். நம்மதில் எல்லாம் மாற்றி. காலையிலிருந்து மதியம்வரை கால் சரியாகத்தான் இருந்தது. ஆலங்காயம் பக்கம் இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. யோசிக்க நேரமில்லை, வலக்காலை அழுத்திவிட்டேன். பிரேக் என்று நினைத்து கியரை மிதித்திருக்கிறேன்! ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் எந்த கியரிலும் சேராத ஒரு பொய் நியூட்ரல் உண்டே, சரியாக அதில் போய் விழுந்தது. அதுவரை இழுத்துப் பிடித்திருந்த என்ஜின் கையை விட்டதும் வண்டி பஞ்சு மாதிரி லேசாகி ஓடியது. இடக்கால் பிரேக் மேலேயே சும்மா கிடக்கிறது, அது என் புத்திக்கு எட்டவில்லை. முன் பிரேக்கை மட்டும் நசுக்கி, மண் ஓரத்தில் ஏற்றிச் சாய்த்தேன். முழங்கை சிராய்ந்தது, ஒரு இண்டிகேட்டர் உடைந்தது, சாமை மூட்டை தப்பியது. பஸ் டிரைவர் நிறுத்தி, "இன்னா பெருசு, ஆட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான்.

கொஞ்ச நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. எந்த கியரில் ஏறினியோ அதே கியரில் இறங்கு என்று நம் மெக்கானிக் பாய் சொல்வார். இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைப்பது என்று அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆம்பூரில் பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் சாப்பிட்டபின்தான் உயிர் வந்தது. வீடு சேர்ந்தபோது 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. அன்று நான் மூன்று மாவட்டம் சுற்றியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது: போளூரும் ஜமுனாமரத்தூரும் திருவண்ணாமலை, காவலூரும் ஆலங்காயமும் ஆம்பூரும் திருப்பத்தூர், வீடு வேலூர். நாம் சுற்றியபோது மொத்தமும் வடார்க்காடு. 1989-ல் ஒரு வெட்டு, 2019-ல் இன்னொரு வெட்டு. ரோடு மட்டும் அதேதான்.

புல்லட்டை விற்றுவிடு என்கிறான் பையன். உன் தங்கச்சி இரண்டையும் விடச் சொல்கிறாள். நான் அவனுடைய சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த வயதில் ஒரு ஜோடிக் காலுக்கு ஒரு வண்டிதான் தாங்கும்.

நீ பங்குனிக்குள் நன்றாக நடக்கத் தொடங்கிவிடுவாய் அல்லவா? வந்தால் பின்னால்தான் உட்கார வேண்டும், பாடம் நடத்த அனுமதி உண்டு. இன்னொன்று: பின் டயர் மொழுக்கென்று தேய்ந்துவிட்டது. அது உன் பாகம். பணம் அனுப்பு.

உன் மச்சான்