எண்டோஸ்கோபியில் தெரியாத அடைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இரைப்பைப் புண், அமிலச் சுரப்பு பற்றி அடிக்கடி படிக்கிறேன். அவற்றின் பெயரில் நீண்ட நாள் மருந்து கொடுக்கப்படக்கூடிய, இரு தமனிகளுக்கு இடையே சிறுகுடல் நசுங்கும் 'மேல் குடல்தமனி நோய்க்குறி' (SMA syndrome) என்ற அரிய நோயைப் பற்றியும் எழுதுமாறு கேட்கவே இக்கடிதம்.

இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலின் ஒரு பகுதி, முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனிக்கும் அதிலிருந்து முன்பக்கமாகக் கிளைக்கும் மேல் குடல்தமனிக்கும் இடையே செல்கிறது. அவ்விரண்டையும் விலக்கி வைத்திருக்கும் கொழுப்பு, உடல் வேகமாக மெலியும்போது கரைந்துவிட, அவற்றுக்கு இடையே வழக்கமாக ஏறத்தாழ 38 முதல் 65 டிகிரி வரை இருக்கும் கோணம் 25-க்கும் கீழே குறுகி, குடல் நசுங்குகிறது. 1927-லேயே வில்கி என்ற அறுவை மருத்துவர் 75 நோயாளிகளைக் கொண்டு இதை விரிவாக எழுதியிருந்தும், இன்றுவரை பலருக்கு இது தாமதமாகவே கண்டறியப்படுகிறது.

என் மகளுக்கும் அப்படித்தான் நேர்ந்தது. கடும் காய்ச்சலில் மெலிந்தவள், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து, பித்தம் கலந்த வாந்தி எடுத்தாள். இருமுறை செய்த எண்டோஸ்கோபியில் குறையேதும் இல்லாததால், மெலிய வேண்டுமென்று அவளே வாந்தி எடுப்பதாகச் சந்தேகித்தார்கள். நானும் சிறிது காலம் அதை நம்பினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முழங்கால்களை மார்போடு அணைத்துப் படுத்தால் மட்டும் அவளுக்கு வலி குறைந்ததே, அந்தத் தகவலை எவரும் கேட்கவில்லை. எண்டோஸ்கோபி குடலின் உட்புறத்தைப் பார்ப்பது. வெளியிலிருந்து அழுத்தும் தமனி அதில் தெரியாமல் போகலாம். இறுதியில் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேனும் பேரியம் எக்ஸ்ரேயும்தான் காரணத்தைக் காட்டின.

ஆனால் ஒல்லியான பலருக்கு நோயே இல்லாமலும் அந்தக் கோணம் குறுகியிருக்கும். ஆகவே அளவை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், அழுத்தத்துக்கு மேலே குடலும் இரைப்பையும் விரிந்துள்ளனவா, அறிகுறிகள் அதோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பொதுவாக முதலில் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. மூக்குவழிக் குழாயால் இரைப்பையில் தேங்கியதை வெளியேற்றி, உப்புச்சத்துகளைச் சீராக்கி, அடைப்பைத் தாண்டிச் செல்லும் மெல்லிய குழாய் வழியே ஊட்டம் கொடுத்தால், எடை கூடக் கூடப் பலருக்குப் பாதை திறக்கிறது. மிக மெலிந்தவர்களுக்கு ஊட்டத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் அளவு ஆபத்தாகச் சரியும். இவை பலிக்காதபோது, விரிந்த முன்சிறுகுடலை அடுத்த குடற்பகுதியோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி முறையிலும் செய்கிறார்கள். என் மகளுக்கு ஆறு வாரக் குழாய் உணவே போதுமானதாக இருந்தது.

குடல்நோய் மருத்துவர் ஒருவரையும் ஸ்கேன் படங்களைப் படிக்கும் மருத்துவர் ஒருவரையும் கொண்டு இதுபற்றி விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். எப்படிப் படுத்தால் வலி குறைகிறது என்ற கேள்வி அதில் அவசியம் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்