முதல் வகுப்பிலேயே மென்பொருளைத் திறக்காதீர்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அனிமேஷன், விஸ்காம் பாடத்திட்டங்களை வகுக்கும் குழுவினருக்கும் அவற்றை நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர்களுக்கு இன்-பிட்வீன் வரைந்து தொழில் கற்றவன் நான். கீழிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில் காகிதத்தை மாட்டி, இரண்டு கீ படங்களுக்கு, அதாவது முதன்மை நிலைப் படங்களுக்கு, நடுவே வரவேண்டிய படங்களை நாள் முழுக்க வரைந்து தள்ளும் வேலை அது. இப்போது கூப்பிடுகிற கல்லூரிகளுக்குப் போய்ப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விஷயம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

அனிமேஷன் எப்போது தொடங்கியது என்று கேட்டால் மாணவர்கள் மிக்கி மவுஸ் என்கிறார்கள். கொஞ்சம் குறிப்பெடுத்துப் படித்தவர்கள் 1928, ஸ்டீம்போட் வில்லி என்று வருடத்தோடு சொல்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. வரலாறு என்று ஒரு அலகு இருக்கிறது. அதில் பெல்ஜியத்து ஜோசப் பிளாத்தோவின் படம் அசையும் சுழல் தட்டு ஒரு ஸ்லைடு, ஜூட்ரோப் என்ற சுழல் உருளை ஒரு ஸ்லைடு, அடுத்த ஸ்லைடில் டிஸ்னி வந்துவிடுகிறார். 1830களிலிருந்து ஒரே தாவலில் 1928. அடுத்த வாரம் மென்பொருள் வகுப்பு. நடுவில் விழுந்துபோன ஆண்டுகளில்தான் இந்தத் தொழிலே உருவானது.

என் கோரிக்கை ஒன்றுதான். முதல் பருவத்தில் மென்பொருளைத் திறக்கும் முன், 1892 முதல் 1926 வரையிலான படங்களை மாணவர்களை உட்காரவைத்து முழுசாகக் காட்டுங்கள். தேர்வுக்கு வரும் குறிப்பாக அல்ல, பார்த்துக் கற்க வேண்டிய வேலையாக. மென்பொருளில் அவர்கள் அழுத்தப்போகிற பொத்தான்கள் பலவும் அந்த ஆண்டுகளில் யாரோ ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டு தீர்த்த சிக்கல்கள். சிக்கல் புரியாமல் பொத்தானை மட்டும் கற்ற பிள்ளைகள் அடுத்த மென்பொருள் வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் எமில் ரெய்னோவிலிருந்து தொடங்கலாம். 1892 அக்டோபர் 28 அன்று பாரிஸின் கிரேவின் மெழுகுச்சிலை அருங்காட்சியகத்தில் இவர் படம் காட்டத் தொடங்கினார். லூமியேர் சகோதரர்கள் அதே நகரத்தில் காசு வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28 அன்றுதான். அதாவது, கேமராவில் எடுத்த படம் திரைக்கு வந்த அந்தப் புகழ்பெற்ற நாளுக்கு மூன்று ஆண்டு முன்பே, வரைந்த படம் பாரிஸ் மக்கள் முன்னால் அசைந்துவிட்டது. சினிமாவின் பிள்ளை அனிமேஷன் என்று வகுப்பில் சொல்கிறோம். இந்தத் தேதிகளை அருகருகே கரும்பலகையில் எழுதினாலே போதும், அந்தப் பேச்சு எடுபடாது.

ரெய்னோ ஜெலட்டின் சதுரங்களில் ஒவ்வொரு படத்தையும் கையால் வரைந்து வண்ணம் தீட்டினார். அவற்றை நீண்ட பட்டையாகக் கோத்து, படத்துக்கும் படத்துக்கும் இடையில் துளை போட்டார். ‘போவர் பியரோ’ என்ற படத்துக்கு 500 படங்கள், பட்டையின் நீளம் 36 மீட்டர். இன்றைய வேகமான நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓட்டினால் அது 21 நொடிக்குள் தீர்ந்துவிடும். அவரோ அதை வைத்துப் பதினைந்து நிமிடம் வரை கதை சொன்னார். எப்படி? திரைக்குப் பின்னால் நின்று இரண்டு சுருள்களையும் தன் கையாலேயே சுற்றினார். ஒரு பாத்திரம் தயங்க வேண்டிய இடத்தில் நிறுத்துவார், அப்புறம் நாலு படம் பின்னால் போவார், மறுபடி முன்னால் வருவார். அவையோர் சிரித்தால் அந்த இடத்தை இன்னொரு முறை ஆட்டுவார். நாம் லூப் என்றும் ஹோல்டு என்றும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டையில் பாத்திரங்கள் மட்டும்தான் இருக்கும், சுற்றிலும் கறுப்பு. தோட்டமும் சுவரும் வேறொரு விளக்கிலிருந்து தனியாகத் திரையில் விழும். அசைவது ஒரு அடுக்கு, அசையாதது ஒரு அடுக்கு. லேயர் பற்றிப் பேசும்போது 1914-இல் ஏர்ல் ஹர்டு பதிவு செய்த செல் காப்புரிமையிலிருந்து தொடங்குவது வழக்கம். கண்ணாடி போன்ற தாளில் பாத்திரத்தை வரைந்து பின்னணிமேல் வைக்கும் அந்த முறை பெரிய விஷயம்தான். ஆனால் அந்த யோசனை இருபது ஆண்டு முன்பே வெளிச்சத்தில் நடந்துவிட்டது. ஒலியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பட்டையில் சில இடங்களில் சின்ன வெள்ளித் தகடு ஒட்டியிருந்தார். அது கடந்துபோகும்போது மின்காந்தம் ஒன்று இயங்கும். திரையில் பியரோ மேல் அடி விழும் அதே கணத்தில் அரங்கில் தட்டும் சத்தம் கேட்கும். காஸ்தோன் போலான் இதற்கென்றே இசையமைத்துப் பியானோ வாசித்தார்.

1900 வரை சுமார் 12,800 காட்சிகள், 5 லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குள் கேமராப் படங்கள் ஊரெல்லாம் பரவியிருந்தன. கையால் ஒரே ஒரு பிரதி செய்கிறவரால் அவற்றோடு போட்டி போட முடியவில்லை. 1910 வாக்கில் மனமுடைந்துபோய்த் தன் பட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் வீசினார். 1918-இல் ஒரு காப்பகத்தில் இறந்தார். கிரேவினில் காட்டியவற்றில் ‘போவர் பியரோ’, ‘ஓத்தூர் துய்ன் கபின்’ என்ற இரண்டு மட்டுமே இன்று இருக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மும். மாணவர்களும் அந்த நிமிடத்தில் கைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அடுத்து இன்னொரு பிரெஞ்சுக்காரர், எமில் கோல். 1908-இல் வந்த ‘ஃபான்டஸ்மகோரி’ ஒன்றரை நிமிடம்கூட வராத படம். சுமார் 700 ஓவியங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை படம்பிடித்தார். ஸ்டுடியோவில் “டூஸ்ல போடு” என்று இன்றும் சொல்கிறோமே, அதேதான். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக வரைந்து, நெகட்டிவாக அச்செடுத்ததால் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்ததுபோல் தெரியும். படம் ஆரம்பிக்கும்போது ஓவியரின் கையே சட்டத்துக்குள் வந்து கோமாளியை வரைகிறது. அப்புறம் ஒரு பொருள் இன்னொன்றாக உருமாறிக்கொண்டே போகிறது. கதையே இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

மாணவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவரும் குறை, “சார், கேரக்டர் மிதக்குது, வெயிட்டே வரல” என்பது. அதற்கு நான் தரும் மருந்து அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே. 1914-இல் அமெரிக்க மேடைகளில் ‘கெர்ட்டி’ என்ற டைனோசருடன் அவர் ஒரு நிகழ்ச்சியே நடத்தினார். கையில் சாட்டையோடு திரைக்கு அருகில் நின்று கட்டளையிடுவார், அது கேட்கும், சில நேரம் முரண்டு பிடிக்கும், திட்டினால் அழும். கெர்ட்டி நின்ற இடத்திலேயே இடவலமாக ஆடும் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். உடம்பின் கனம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதும், மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குவதும் தெளிவாகத் தெரியும். பின்னணி உட்பட ஒவ்வொரு தாளிலும் மறுபடி மறுபடி வரைந்த படம் அது. மெல்லிய தாளை முந்தைய தாள்மேல் வைத்து, மூலையில் சிலுவைக் குறி போட்டு ஒப்பிட்டார்கள். மலையையும் ஏரியையும் உதவியாளர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் ஆயிரக்கணக்கான முறை பிரதி எடுத்தார். உற்றுப் பார்த்தால் அந்தப் பாறைக் கோடுகள் லேசாக நடுங்குவது தெரியும். அந்த நடுக்கத்தைப் பார்த்த மாணவருக்குச் செல் ஏன் வந்தது, லேயர் ஏன் வேண்டும், முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. முதன்மை நிலைகளை முதலில் வரைந்துவிட்டு நடுவை அப்புறம் நிரப்பும் முறையும் அவர் கையாண்டதுதான். என்னைப் போன்றவர்கள் பிழைத்தது அதில்.

தாள்கள் நகராமல் மாட்டிவைக்க ராவுல் பாரே கொண்டுவந்த பெக், மாக்ஸ் ஃப்ளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் இரண்டையும் ஒரே வகுப்பில் முடித்துவிடலாம். தம்பி டேவுக்குக் கோமாளி வேடம் போட்டுப் படம்பிடித்து, அதன்மேல் ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தார் ஃப்ளைஷர் என்று சொன்னால் போதும், மீதியை மாணவர்களே புரிந்துகொள்வார்கள்.

வரையத் தெரியாது என்று ஒதுங்குகிற பிள்ளைகளுக்கு லதிஸ்லாஸ் ஸ்டாரெவிச்சைக் காட்டுங்கள். லித்துவேனியாவின் கௌனாஸ் நகரத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு வண்டுகள் சண்டை போடுவதைப் படமெடுக்க நினைத்தார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் படுத்துவிட்டன. சரி என்று, செத்த வண்டுகளை எடுத்து, கால்களை மெழுகாலும் கம்பியாலும் உடலோடு பொருத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எடுத்தார். 1912-இல் மாஸ்கோவில் அவர் எடுத்த ‘கேமராக்காரரின் பழிவாங்கல்’ படத்தில் பூச்சிகள் காதலிக்கின்றன, துரோகம் செய்கின்றன, தியேட்டருக்குப் போகின்றன. பழக்கிய பூச்சிகள் என்று நம்பியவர்களும் அந்தக் காலத்தில் உண்டு.

இந்தியாவையும் விட்டுவிட வேண்டாம். தாதாசாகேப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குப் பணம் திரட்டும் முன், பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாள்கணக்கில் ஒரே இடத்திலிருந்து சிறுகச் சிறுகப் படம்பிடித்து, அதை ஓட்டிக் காட்டித்தான் பணம் போடுபவரின் நம்பிக்கையைப் பெற்றார். 1915-இல் தீக்குச்சிகளை நகர்த்தியும் ஒரு படம் செய்தார். அதாவது, இந்திய சினிமாவின் தொடக்கத்திலேயே ஃப்ரேம் ஃப்ரேமாக எடுக்கும் வித்தை இருந்தது. நம் பாடங்களில் பால்கே சினிமா வரலாற்றில் மட்டும் வருகிறார், அனிமேஷன் வரலாற்றில் வருவதில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். ‘ஸ்னோ ஒயிட்’ உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் என்று இன்னமும் எழுதிக்கொடுக்கிறார்கள். அது 1937. அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1917-இல், அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் கிரினோ கிறிஸ்தியானி அட்டை வெட்டுருவங்களை வைத்து, நாட்டின் அதிபரையே கிண்டல் செய்து ‘எல் அப்போஸ்தோல்’ என்ற முழுநீளப் படம் வெளியிட்டார். தயாரிப்பாளரின் கூடத்தில் 1926-இல் பிடித்த தீயில் அது எரிந்துபோனது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றுள் பழையது லோட்டே ரைனிகரின் ‘இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்’. 1926 மே மாதம் பெர்லினில் முதல் காட்சி. எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு இருபத்து நாலு வயது. போட்ஸ்டாமில் ஒரு வங்கியாளர் வீட்டு கார் கொட்டகைமேல் வேலை நடந்தது. கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரியால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் கிடத்தி, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓர் இழை நகர்த்தினார். கேமரா மேலிருந்து கீழே பார்க்கும். கேமராவை இயக்கியவர் ரைனிகரின் கணவர் கார்ல் கோச். கண்ணாடிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி ஆழமும் காட்டினார்கள். இதேபோல் அடுக்குகளை வைத்து ஆழம் காட்டும் டிஸ்னியின் மல்டிபிளேன் கேமரா வந்தது பத்து ஆண்டு கழித்து. பெர்லின் மூல நெகட்டிவ் போரில் அழிந்தது. லண்டனில் இருந்த ஒரு பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

தோல்பாவைக் கூத்து பார்த்த மாணவர் ஒருவராவது உங்கள் வகுப்பில் இருப்பார். அவர்முன் இந்தப் படத்தைப் போடுங்கள். வெள்ளைத் திரையில் மூட்டு மூட்டாக அசையும் உருவத்தைப் பார்த்ததும், இது தனக்கும் கைவரும் என்ற தைரியம் அவருக்கு வரும். ஒரு கத்தரி, கறுப்பு அட்டை, கீழே ஒரு எல்இடி விளக்கு, மேலே ஸ்டாண்டில் ஒரு கைபேசி போதும். கணினிக் கூடத்தில் இருக்கை கிடைக்காத மாணவர்கள்கூடச் செய்யலாம்.

நதியில் போனது, தீயில் போனது என்று சொல்லும்போது நம் நிலைமையையும் யோசியுங்கள். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். ஓர் அடி ஃபிலிம்கூட இல்லை. அது பழைய கதை என்றால், நான் போன ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டுக்கு முந்தைய இறுதியாண்டு அனிமேஷன் படங்களைக் கேட்டபோது, துறையில் ஒன்றுமே இல்லை. மாணவர்கள் பென் டிரைவில் கொடுத்தார்களாம், மதிப்பெண் போட்டாயிற்றாம், டிரைவ்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்றாம். ஒவ்வொரு துறையும் தன் மாணவர்களின் படங்களை இரண்டு இடத்தில் சேமித்து, வருடமும் பெயரும் எழுதி வைப்பதைப் பாடத்திட்டத்தோடு சேர்த்தே விதியாக்குங்கள்.

புதுத் தாள் எதுவும் சேர்க்கச் சொல்லவில்லை. இருக்கிற வரலாற்று அலகை ஸ்லைடிலிருந்து திரைக்கு மாற்றச் சொல்கிறேன். அக்டோபர் 28, ரெய்னோவின் நினைவாக உலக அனிமேஷன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் ஒற்றைப்படைப் பருவத்துக்குள்ளேயே வருகிறது. ரெய்னோ, கோல், மெக்கே, ஸ்டாரெவிச் நால்வரின் படங்களையும் சேர்த்துப் போட்டால் அரை மணி நேரம்தான். எல்லாமே இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. மறுநாள் முதல் பயிற்சியாக ஒவ்வொரு மாணவரும் 12 தாளில், பென்சிலால், ஒரு உருவத்தின் மூச்சை வரையட்டும். மென்பொருளை அதற்கடுத்த வாரம் திறக்கலாம்.

இந்த ஆண்டுப் பாடத்திட்டக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தத் துறை கூப்பிட்டாலும் அந்த முதல் காட்சிக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லாமல் வந்து உதவுகிறேன்.

அன்புடன்,
ஒரு அனிமேஷன் பயிற்சியாளர்