பழைய நூலில் எதைப் படிப்பது, எதைத் தேடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

'தேடினால் எல்லாம் கிடைக்கிறதே, புத்தகம் எதற்கு?' என்ற எண்ணம் இணையதள நிரலாக்கம் கற்க வரும் மாணவர்களிடம் வேரூன்றிவிட்டது. கிடைப்பது விடை மட்டுமே. என்ன கேட்பது என்று தெரிய அடிப்படை வேண்டும்.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ஓர் உதாரணம்: 600 பிக்சல் அகலத்துக்குள், பேடிங்கும் பார்டரும் உள்ள 300 பிக்சல் பெட்டிகள் இரண்டை ஃப்ளோட் (ஒரு பக்கமாக ஒதுக்கும் கட்டளை) கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டாவது கீழே இறங்கிவிடும். இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), 1 பிக்சல் பார்டர் (விளிம்புக் கோடு) சேர்ந்து ஒவ்வொரு பெட்டியும் 342 பிக்சல் ஆகிவிடுவதே காரணம். தேடுகிறவருக்கு பேடிங்கையும் பார்டரையும் 300-க்குள்ளேயே அடக்கும் 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' என்ற வரி கிடைக்கும், ஒட்டியதும் சரியாகும். பிறகு 10 பிக்சல் மார்ஜின் (வெளி இடைவெளி) சேர்த்தால் பெட்டி மறுபடி இறங்கும். அந்த வரி மார்ஜினைக் கணக்கில் சேர்க்காது. இந்த அளவுக் கணக்கைச் சொல்லும் 'பாக்ஸ் மாடல்' அத்தியாயத்தைத் தாளில் படம் போட்டுப் படித்தவர் இங்கே திணற மாட்டார்.

ஆனால் எல்லா நூலையும் நம்பிவிட முடியாது. சர்வரில் இயங்கும் பிஎச்பி மொழி பற்றிய நூலில், தரவுத்தளத்தோடு இணைக்கும் பழைய கட்டளையான 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' கண்ணில் பட்டால் தரவுத்தள அத்தியாயத்தை அப்படியே விட்டுவிடுங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே அந்தக் கட்டளையை நீக்கிவிட்டார்கள். படிவத்தில் வந்ததை நேரே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) வாக்கியத்துக்குள் ஒட்டும் பழக்கத்தையும் அத்தகைய நூல்கள் பல கற்றுத்தருகின்றன. தளத்துக்குள் ஊடுருவ அந்த ஒரு ஓட்டை போதும். அதற்குப் பதில், பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு வசதியான பிடிஓ வழியாக, வாக்கியத்தை முதலில் தயார்செய்யும் 'பிரிப்பேர்', பிறகு மதிப்புகளைத் தனியே கொடுத்து இயக்கும் 'எக்ஸிக்யூட்' எழுதப் பழக வேண்டும். தேடலிலும் அதே பழைய விடைகள் இன்னும் வருகின்றன, ஆகவே எங்கே படித்தாலும் தேதியைப் பாருங்கள்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிஎச்பியில் நீளம் அளக்கும் 'ஸ்டிர்லென்' எழுத்துகளை எண்ணாது, பைட்டுகளை (கணினி சேமிக்கும் அலகுகளை) எண்ணும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; 'மு' என்பது 'ம', உகரக் குறி என இரண்டு குறியீடு. பெயர் 20-க்குள் இருக்க வேண்டும் என்று அதை வைத்துச் சோதித்தால் 'முருகன்' 21 ஆகி நிராகரிக்கப்படும்! குறியீடுகளை எண்ணும் 'எம்பி_ஸ்டிர்லென்' 7 என்று சொல்லும். நம் கண்ணுக்குத் தெரியும் 4 எழுத்து வேண்டுமென்றால் 'கிராஃபீம்_ஸ்டிர்லென்'.

அடிப்படையை நூலில் வரிசையாக, ஒவ்வொரு நிரலையும் கையால் தட்டச்சு செய்து படியுங்கள். உலாவியில் பிழை வந்தால் எஃப்12 அழுத்தி, கன்சோலில் (பிழைகளைக் காட்டும் பகுதியில்) உள்ள செய்தியை அப்படியே தேடுங்கள்.

நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' கற்றுத்தரும் பிஎச்பி 5 கால நூல்களின் முதல் பக்கத்தில் 'தரவுத்தளப் பகுதி இப்போது பயன்படாது' என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

இணைய நிரலாக்கப் பயிற்றுநர்கள்,
மதுரை